சிறைக் காவலருக்கு எந்த அங்கீகாரம்? பதக்கம், வெகுமதி, பதவி உயர்வு, டூட்டி நேரம், பொறுப்பு: ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டில் சிறைத் துறையின் பெயர் இப்போது சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை. 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்துக்கு மாற்றாக ஒன்றிய உள்துறை 2023இல் மாநிலங்களுக்கு அனுப்பிய மாதிரிச் சட்டத்தின் தலைப்பிலும் சீர்திருத்தப் பணி இடம்பெற்றுவிட்டது. கைதி என்ற சொல்லை விட்டுச் சிறைவாசி என்றே அலுவலகக் கடிதங்கள் எழுதுகின்றன. இந்த மாற்றம் முழுவதும் கடைசியில் வந்து இறங்குவது சிறைவாசிகளின் அறைகள் உள்ள பிளாக்கில் நிற்கும் இரண்டாம் நிலைக் காவலரின் தலையில்தான். பூட்டுவது, எண்ணுவது, சோதனை போடுவது என்றிருந்த வேலையோடு கேட்பது, கவனிப்பது, எழுதிவைப்பது, நல அலுவலருக்குச் சொல்வது எல்லாம் சேர்ந்துகொண்டன. அவரைப் பாராட்டும் முறை மட்டும் பழைய வேலைக்கு அளவெடுத்துத் தைத்ததாகவே இருக்கிறது.

சிறைவாசிகளை நடத்துவதற்கான நெல்சன் மண்டேலா விதிகளை ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்றது. ஜூலை 18, மண்டேலா நாளைச் சிறைப் பணியாளர்களின் வேலையைத் தனி முக்கியத்துவமுள்ள சமூக சேவையாக மதிக்கும் நாளாகவும் கொள்ள வேண்டும் என்று அதே தீர்மானம் சொல்கிறது. மதிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த வடிவத்தில் மதிப்பது, எதை முதலில் செய்வது என்பதுதான் ஒரு துறைத் தலைவரோ உள்துறைச் செயலாளரோ எடுக்க வேண்டிய முடிவு. பணமும் ஆளும் அளவோடு இருக்கும்போது ஐந்தையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது. தமிழ்நாட்டை வைத்து, கையில் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒவ்வொரு வழியிடமும் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். அது எந்த வேலையைக் கண்டுகொள்கிறது? யாரிடம் போய்ச் சேர்கிறது? எத்தனை நாளில் சேர்கிறது? எந்த வகையில் கெட்டுப்போகும்? நான்காவது கேள்வியைத்தான் அரசாணைகள் கேட்பதே இல்லை. சிறைக்குள் எதற்குப் பாராட்டு கிடைக்கிறதோ அந்த வேலை பெருகும். எதற்கு மெமோ வருகிறதோ அந்த வேலை மறைவுக்குப் போகும். இதை மறந்து வடிவமைத்த பாராட்டு சீர்திருத்தத்துக்கே எதிராகத் திரும்பிவிடும்.

பதக்கம்

குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் குடியரசுத் தலைவர் பெயரால் வழங்கும் பதக்கங்களில் சீர்திருத்தப் பணிக்கும் இடம் உண்டு. காவல், தீயணைப்பு, ஊர்க்காவல், சிறை என்று துறைவாரியாகப் பிரிந்து கிடந்த 16 பதக்கங்களை 2024 முதல் நான்காகச் சுருக்கிவிட்டார்கள்: வீரத்துக்கு இரண்டு, சேவைக்கு இரண்டு. மாநில அளவில் பொங்கலையொட்டி அறிவிக்கும் முதலமைச்சரின் சிறப்புப் பணிப் பதக்கம் இருக்கிறது. இரண்டாம் நிலை, முதல் நிலை, முதல் தலைமைக் காவலர் நிலைகளில் உள்ள சிறைக் காவலர்களுக்கு இது. அண்மை ஆண்டுகளில் காவல் துறைக்கு 3,000 பதக்கம் என்றால் சிறைத் துறைக்கு 60. பதக்கம் பெற்றவருக்கு நிலை வேறுபாடின்றி மாதம் 400 ரூபாய் பதக்கப்படி.

செலவைப் பார்த்தால் இதைவிடச் சிக்கனமான வழி கிடையாது. 60 பேருக்கு மாதம் 400 என்றால் ஆண்டுக்கு 2,88,000 ரூபாய். கௌரவமும் பெரிது. சீருடையில் பதக்கப் பட்டை இருப்பதை வீட்டாரும் ஊராரும் பார்க்கிறார்கள். ஓய்வு பெற்ற பிறகும் அது பேசப்படும். ஆகவே இதை எடுத்துவிடச் சொல்வதற்கு இடமே இல்லை.

சிக்கல் தகுதி விதியில் இருக்கிறது. நீண்ட பணிக்காலம், களங்கமில்லாத பணிப்பதிவேடு, நிலுவையில் ஒழுங்கு நடவடிக்கை இல்லாமை: இந்த மூன்றும் எந்தச் சேவைப் பதக்கத்துக்கும் அடிப்படை. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருடைய பதிவேடு சுத்தமாக இருக்கும் என்று பாருங்கள். அலுவலகத்தில் தபால் பார்ப்பவர், வாகனம் ஓட்டுபவர், கோபுரத்தில் பாரா நிற்பவர் ஆகியோர் சிறைவாசியோடு பேசுவதே அபூர்வம். அவர்கள் மேல் புகார் வர வழியில்லை. உயர் பாதுகாப்பு பிளாக்கிலும் விசாரணைச் சிறைவாசிகளின் நெரிசல் பிளாக்கிலும் பத்து ஆண்டு நின்றவர் மேல் புகார் மனு போயிருக்கும். அடிதடி நடந்த நாளில் டூட்டியில் இருந்ததற்காக, சிறு தண்டனைக்கான 17(ஏ) குறிப்பாணை வந்திருக்கும். பெருந்தண்டனைக்கான, விசாரணை முடியாத 17(பி) ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். கடினமான இடத்தில் நின்றதே அவருக்குத் தகுதிக் குறைவாகிவிடுகிறது.

2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சிறைகளில் சாதி பார்த்து வேலை ஒதுக்குவதையும் பிரித்து அடைப்பதையும் அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பாளையங்கோட்டை மத்திய சிறையில் சாதிவாரியாக அடைக்கும் வழக்கமும் சுட்டிக்காட்டப்பட்டது. தீர்ப்பை நடைமுறைப்படுத்துவது என்றால், பல ஆண்டுகளாகப் பிரிந்திருந்தவர்களை ஒரே பிளாக்கில் கலந்து வைத்து, முதல் சில வாரங்களின் உரசலைக் காவலர் தாங்கிச் சமாளிக்க வேண்டும். சின்னச் சின்னச் சம்பவங்கள் நடக்கத்தான் செய்யும். அவற்றைக் களங்கமாக எண்ணும் தகுதி விதி, கலந்து வைக்காமல் பழையபடியே விட்டுவைத்த காவலருக்கே பதக்கம் வாங்கித் தரும்.

இன்னொரு குறை, ‘முறை வைத்து’ வழங்குவது. போன தடவை திருச்சி, இந்தத் தடவை கோவை. போன தடவை அவர், இந்தத் தடவை இவர் என்று ஆகிவிட்டால் பதக்கம் வாங்கியவர் என்ன செய்தார் என்று அவர் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. கிளைச் சிறைகளும் பெண்கள் தனிச் சிறைகளும் ஆள் குறைவு என்பதால் இந்த வரிசையில் பின்னுக்குப் போகின்றன. விதியில் இரண்டே திருத்தம் போதும்: பதக்க எண்ணிக்கையில் பாதி, கடந்த ஐந்தாண்டில் குறைந்தது மூன்றாண்டு பிளாக் டூட்டி பார்த்தவர்களுக்கு; சிறு தண்டனைகள் இருந்தால் தானாகத் தகுதியிழப்பு என்றில்லாமல், கண்காணிப்பாளர் காரணம் எழுதிப் பரிந்துரைக்கலாம் என்ற வழி. இதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவு இல்லை.

அந்தந்தச் சிறையில் தரும் வெகுமதி

கண்காணிப்பாளரோ சரக டி.ஐ.ஜி.யோ தரும் ரொக்க வெகுமதி, பாராட்டுச் சான்று, பணிப்பதிவேட்டில் நற்பணிப் பதிவு ஆகியவைதான் இவை. வேகம் இவற்றின் பெரிய பலம். நல்ல வேலை செய்த அடுத்த வாரமே கைக்கு வரும். பதக்கம்போல ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் இப்போது இது பெரும்பாலும் எதற்குத் தரப்படுகிறது? செல்போன் பிடித்ததற்கு, சிம் கார்டு பிடித்ததற்கு, கஞ்சாப் பொட்டலம் பிடித்ததற்கு. பிடித்த பொருள் மேசைமேல் இருக்கிறது, மகஜர் (கைப்பற்றியதற்கான எழுத்துப் பதிவு) இருக்கிறது, நேரம் இருக்கிறது. வெகுமதி எழுதுவது சுலபம். நடக்காமல் போன ஒன்றுக்கு மகஜர் எழுத முடியாது.

ஒரு மாலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். விசாரணைச் சிறைவாசி ஒருவருக்கு வழக்கமாகப் புதன்கிழமை மனு (பார்வையாளர் சந்திப்பு) வரும். மனைவி பார்த்துவிட்டுப் போவார். இரண்டு புதன் வரவில்லை. மூன்றாவது புதன் வந்தார். ஆனால் மனு முடிந்து பிளாக்குக்குத் திரும்பியவர் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை, பீடியைப் பக்கத்து அறைக்காரரிடம் கொடுத்துவிட்டார், நல்ல சட்டையை மடித்து இன்னொருவருக்குத் தந்தார். மாலை லாக்-அப் எண்ணும்போது காவலர் இதைக் கவனிக்கிறார். தனி அறையில் இருந்தவரை மூன்று பேர் உள்ள அறைக்கு மாற்றச் சொல்லி உதவி ஜெயிலரிடம் கேட்கிறார், இரவு டூட்டிக்கு வருபவரிடம் அறை எண்ணைச் சொல்லி ஒப்படைக்கிறார், காலையில் நல அலுவலரிடம் அனுப்புகிறார். அன்று இரவு எதுவும் நடக்கவில்லை. இரவு அறிக்கையில் ‘எல்லாம் சரி’ என்று இருக்கும். ஒரு உயிர் போகாமல் இருந்தது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. துறையின் புதிய பெயர் கேட்கும் வேலை இதுதான். இதற்கு வெகுமதி எழுத இப்போது படிவமே கிடையாது.

பொருள் பிடித்ததற்கு மட்டும் வெகுமதி என்ற முறை மோசமாகக் கெட்டுப்போகவும் செய்யும். உள்ளே விட்டவரே பிடித்துக் கொடுப்பதும், சிறைவாசியோடு பேசிவைத்துக்கொண்டு பழைய செல்போன் ஒன்றைக் கண்டெடுப்பதும் எந்த நாட்டுச் சிறை நிர்வாகத்துக்கும் புதிதல்ல. பொருளுக்கு வெகுமதி தருவதற்குப் பதிலாகப் பொருள் வந்த வழியைக் காட்டித் தந்ததற்கு வெகுமதி என்று மாற்றினால் இது பெருமளவு அடங்கும்: எந்தச் சுவர், எந்த நேரம், எந்த வண்டி, அதை அடைத்தாகிவிட்டதா.

இதைவிட ஆபத்தானது ‘சம்பவமே இல்லாத சிறை’க்குக் கேடயம். இதை எந்த உருவிலும் தொடங்கவே கூடாது. கேடயம் வேண்டுமென்றால் சம்பவத்தை எழுதாமல் விட்டால் போதும். கையைக் கீறிக்கொண்டவர் குளியலறையில் வழுக்கி விழுந்தவராகிவிடுவார். மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவர் சிறை மருந்தகத்திலேயே கட்டுப் போட்டுத் திருப்பி அனுப்பப்படுவார். அடுத்த தடவை அவர் ஆழமாகக் கீறிக்கொள்ளும்போது முந்தைய எச்சரிக்கை எங்கும் பதிவாகியிருக்காது.

இங்கிலாந்தில் 1985இல் தொடங்கிய பட்லர் அறக்கட்டளை இந்த இடத்தில் நல்ல முன்மாதிரி. சிறை, நன்னடத்தைக் கண்காணிப்பு, இளம் குற்றவாளிகள் பணி ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் விருது தருகிறது. பரிந்துரைக்கும் உரிமை மேலதிகாரிக்கு மட்டும் உரியதல்ல. சக ஊழியர், வெளியிலிருந்து வருபவர், சிறைவாசி என யாரும் எழுதலாம். ஒவ்வொரு சிறையிலும் பரிந்துரைகளைத் திரட்டுவதற்கென்று ஒருவர் பொறுப்பில் இருக்கிறார். விருது பெறுபவர்களில் மேலதிகாரியின் கண்ணில் படாத வேலை செய்தவர்கள் இருப்பதற்கு இதுவே காரணம்.

இங்கே செய்வதானால் ஒரு பக்கப் படிவம் போதும். மூன்றே கேள்வி: என்ன நடந்தது (தேதி, பிளாக்)? இவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேறு யார் பார்த்தார்கள்? ‘கடமை உணர்வுமிக்கவர்’, ‘நேர்மையானவர்’ என்று மட்டும் எழுதிய பரிந்துரையைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். சம்பவம் இல்லாத புகழ்ச்சி எடுபடாது. சம்பவம் நடந்து 15 நாளுக்குள் பரிந்துரை, 30 நாளுக்குள் முடிவு. குழுவில் கூடுதல் கண்காணிப்பாளர், நல அலுவலர், காவலர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த ஒருவர், அலுவல்சாராப் பார்வையாளர் (சிறையைப் பார்வையிட நியமிக்கப்பட்ட, அரசு ஊழியரல்லாதவர்) ஒருவர். நான்கு பேரில் கடைசி இருவர் இல்லாவிட்டால் மூன்றாம் மாதமே இது பழைய பட்டியலாகிவிடும்.

சிறைவாசியின் பரிந்துரையை ஏற்பதா என்ற தயக்கம் நியாயமானது. பெரிய கும்பல் உள்ள பிளாக்கில், கண்டும் காணாமல் விடும் காவலருக்கே பாராட்டுக் குவியும். அதனால் வாக்கெடுப்புபோல எண்ணிக்கை பார்க்கக் கூடாது. நூறு பரிந்துரை வந்தாலும் ஒரு சம்பவத்துக்கு ஒரு பரிந்துரைதான். பெட்டி நூலகத்திலோ மருந்தகத்திலோ இருக்கட்டும், பிளாக்கில் வேண்டாம். பரிந்துரை வந்தவரின் டூட்டி நாள்களைச் சோதனைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும். இவ்வளவு காப்பு போட்ட பிறகும் இந்தப் பரிந்துரைகள் தேவைதானா என்றால், தேவை. மேலே சொன்ன புதன்கிழமைச் சம்பவத்தைப் பார்த்த சாட்சி அந்தப் பக்கத்து அறைக்காரர் மட்டும்தான்.

பதவி உயர்வும் திறன்படியும்

இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூவரையும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஒரே பொதுத் தேர்வில் எடுக்கிறது. ஒரே தேர்வு எழுதி, ஒரே மாதிரி ஓடி, கயிறு ஏறி வந்தவர்களில் காவல் துறைக்குப் போனவர் காலமுறைப் பதவி உயர்வில் சிறப்பு சார்பு ஆய்வாளர் வரை போகிறார். சிறைக்கு வந்தவரின் ஏணி முதல் நிலை, முதல் தலைமைக் காவலர் என்று குட்டையாகிவிடுகிறது. அதற்கு மேலே உதவி ஜெயிலர் பணிக்குத் தேர்வாணையம் வழியே நேரடி நியமனமும் வருகிறது. அந்தப் போலீஸ்காரரும் இந்தச் சிறைக் காவலரும் இருபது ஆண்டு கழித்து ஒரு கல்யாண வீட்டில் சந்திக்கும்போது இந்த வித்தியாசம் பேச்சில் வராமல் இருக்காது. நீதிபதி முல்லா தலைமையிலான அனைத்திந்தியச் சிறைச் சீர்திருத்தக் குழு 1983இல் அறிக்கை தந்தபோதே சிறைப் பணியாளரின் ஊதியமும் நிலையும் காவல் துறைக்கு இணையாக வேண்டும் என்று சொல்லியிருந்தது.

ஆகவே நீண்ட காலத்துக்கு எதையும்விட ஆழமான அங்கீகாரம் இதுதான். ஆனால் மெதுவானது. பதவி உயர்வில் திறனுக்கு மதிப்பெண் சேர்க்க வேண்டுமென்றால் அரசியலமைப்பின் 309ஆம் பிரிவின் கீழுள்ள சிறப்பு விதிகளைத் திருத்த வேண்டும். பணிமூப்புப் பட்டியலில் கை வைத்த மறுநாளே வழக்கு வரும். இடைக்காலத் தடை ஒன்று விழுந்தால் எல்லோருடைய பதவி உயர்வும் நின்றுபோகும். நல்லது செய்யப் போய் ஐந்து ஆண்டு யாருக்கும் எதுவும் கிடைக்காத நிலை வரலாம்.

திறன்படி, அதாவது குறிப்பிட்ட திறனுக்குத் தரும் மாதப்படி, அப்படியல்ல; அரசாணையில் முடியும். எழுத்தறிவு வகுப்பு எடுக்கத் தெரிந்தவர், ஆற்றுப்படுத்தலில் பயிற்சி பெற்றவர், தற்கொலைத் தடுப்பில் பயிற்சி பெற்றவர் என்று மூன்று நான்கு திறன்களை வகுத்து, சான்று பெற்று அந்த வேலையையும் பார்ப்பவருக்கு மாதப்படி தரலாம். ‘பார்ப்பவருக்கு’ என்பது முக்கியம். சான்றுக்கே படி என்றால் சான்றைத் தேடி ஓடுவார்கள். பிளாக்கில் ஒன்றும் மாறாது. வேலூரில் உள்ள சிறை நிர்வாகப் பயிற்சிக் கழகம் தென் மாநிலங்களின் சிறைப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறது, இடம் இருக்கிறது. யாரை அனுப்புகிறோம் என்பதில்தான் சறுக்குகிறோம். ஆள் பற்றாக்குறையால், பிளாக்கில் இன்றியமையாதவரை விடாமல், யார் இல்லாவிட்டாலும் பரவாயில்லையோ அவரை அனுப்புவது வழக்கமாகிவிடுகிறது. பயிற்சிக்குப் போகிறவரின் இடத்துக்கு மாற்று ஆளை அதே ஆணையில் குறிப்பிடாவிட்டால் இது மாறாது.

நார்வேயில் சிறை அலுவலர் ஆவதற்குச் சம்பளத்தோடு இரண்டு ஆண்டுப் படிப்பு. கேட்க ஆசையாக இருக்கும். அங்கே உள்ள பணியாளர் எண்ணிக்கைக்கும் இங்கே உள்ளதற்கும் தொடர்பே இல்லை என்பதால் அதை இப்போதைக்குத் தேர்வுப் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை.

டூட்டி நேரம்

இதை அங்கீகாரம் என்று பலர் எண்ணுவதில்லை. நிர்வாகம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் காவலர்களைக் கேட்டால் வார ஓய்வும் கேட்ட நாளில் கிடைக்கும் விடுப்பும்தான் முதலில் வரும். மகளின் காது குத்துக்கு லீவு மறுக்கப்பட்டவருக்கு ஜூலை 18இல் சால்வை போர்த்தினால் அது உறுத்தும்.

இந்தியச் சிறைகளில் 2022 இறுதியில் 5,73,220 பேர் இருந்தார்கள், கொள்ளளவில் 131.4 சதவீதம். இவர்களில் முக்கால்வாசிப் பேர் விசாரணைச் சிறைவாசிகள். பணியிடங்களிலோ சுமார் 30 சதவீதம் காலி. இது ரோஸ்டரில் (டூட்டிப் பட்டியலில்) என்ன செய்கிறது என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு.

ஒரு மத்திய சிறையில் 24 மணி நேரமும் ஆள் நிற்க வேண்டிய இடங்கள் 40 என்று வைப்போம். எட்டு மணி நேர ஷிப்ட் என்றால் ஓர் இடத்துக்கு ஆண்டுக்கு 1,095 டூட்டி. 40 இடத்துக்கு 43,800. ஒரு காவலர் ஆண்டில் எத்தனை நாள் வருவார்? 365இல் வார ஓய்வு 52, தற்செயல் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 30, அரசு விடுமுறைக்கு ஈடாக 20, பயிற்சி, நீதிமன்றம், உடல்நலக் குறைவு என்று 6 போனால் மீதி 245 நாள். ஆக ஓர் இடத்துக்குக் கிட்டத்தட்ட நாலரை ஆள் வேண்டும். 40 இடத்துக்கு 180 பேர். 30 சதவீதம் காலி என்றால் இருப்பது 126 பேர். 43,800 டூட்டியை 126 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 348 நாள். வார ஓய்வை எத்தனை ஆணை போட்டாலும் கொடுக்க முடியாது என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஏன் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதும் தெரியும்: அப்போது 232 நாள் வந்தால் போதும். ஆனால் பதினோராவது மணி நேரத்தில் நிற்பவர் சாப்பாட்டுத் தட்டைத் தொடாதவரைக் கவனிக்க மாட்டார்.

ஆள் எடுப்பது அரசின் கையில், தேர்வு வாரியத்தின் கையில், ஆண்டுகள் ஆகும். இடங்களைக் குறைப்பது கண்காணிப்பாளரின் கையில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு டூட்டி இடத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும்: யார் உருவாக்கியது, எந்த ஆபத்துக்காக, அந்த ஆபத்து இன்னும் இருக்கிறதா, பகலுக்கு மட்டும் போதுமா. ரோஸ்டர் நோட்டை வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் இருப்பது நடந்திருக்க வேண்டியது. கேட் பதிவேட்டில் யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், வெளியே போனார் என்று இருக்கும், உண்மை அங்கேதான். மனு அறையும் தொழிற்கூடமும் பகலில் ஒரு ஷிப்டுக்கு மேல் கேட்காது. கேமராவில் நன்றாகத் தெரியும் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மூன்றாவது பாரா எதற்கு என்று பார்க்கலாம். அதிகாரி வீட்டு டூட்டி அடியோடு போக வேண்டும். சிறைக் காவலர்களை அதிகாரிகளின் வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. அங்கீகாரம் என்ற பேச்சில் இதைவிட முதன்மையானது எதுவுமில்லை. சீருடைக்காரரைக் காய்கறி வாங்க அனுப்பிக்கொண்டே அவரைச் சீர்திருத்தப் பணியாளர் என்று அழைப்பது அவருக்குச் செய்யும் அவமானம்.

இப்படி 40 இடம் 32 ஆனால் 35,040 டூட்டி; 126 பேருக்குத் தலைக்கு 278 நாள். 87 நாள் மிச்சம். வார ஓய்வு 52 போக 35 நாள் விடுப்புக்கு. முழு உரிமையும் கிடைத்துவிடவில்லை. ஆனாலும் எட்டு மணி நேர ஷிப்டும் வார ஓய்வும் ஒரு புதிய ஆள்கூட எடுக்காமல் கைக்கு வந்துவிடுகின்றன. கெட்டுப்போகும் வழி ஒன்று உண்டு: மிச்சப்பட்ட ஆளை உடனே வேறு வேலைக்கு இழுத்துக்கொள்வது. குறைத்த இடத்தை மறுபடி உருவாக்க டி.ஐ.ஜி.யின் எழுத்து அனுமதி வேண்டும் என்று கட்டிவைத்தால் ஓரளவு தடுக்கலாம்.

பொறுப்பையே மாற்றித் தருவது

1990களின் கடைசியில் சிங்கப்பூர் சிறைத் துறையும் நெரிசலிலும் ஆள் பற்றாக்குறையிலும்தான் திணறிக்கொண்டிருந்தது. வேலையை விட்டுப் போகிறவர்கள் அதிகம். அங்கே சீர்திருத்தம் தொடங்கியது பணியாளர்களிடமிருந்து. சிறை அலுவலர்களை ‘கேப்டன்ஸ் ஆஃப் லைவ்ஸ்’ (வாழ்க்கைகளை வழிநடத்தும் தலைவர்கள்) என்று அறிவித்தார்கள். அறிவிப்போடு நின்றிருந்தால் அது சுவரொட்டி. ஒவ்வோர் அலுவலருக்கும் குறிப்பிட்ட சில சிறைவாசிகளை நேரடிப் பொறுப்பாகக் கொடுத்தார்கள்; அவர்களது முன்னேற்றத்தைப் பேசி, எழுதி, பரிந்துரை செய்வது அந்த அலுவலரின் வேலையானது. அவர் சொல் மேலே எடுபட்டது. விடுதலையான இரண்டு ஆண்டுக்குள் திரும்பச் சிறைக்கு வருவோர் விகிதம் 1998இல் வெளியே போனவர்களிடம் 44.4 சதவீதம், 2000களின் நடுவில் 30க்கும் கீழே வந்துவிட்டது. விடுதலையானவர்களைச் சமூகம் ஏற்கச் சொல்லி 2004இல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் இயக்கமும் வேலைவாய்ப்பு உதவியும் சேர்ந்த பலன் இது. பணியாளர் மாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது.

இந்த வழியில் பதக்கமும் இல்லை, பணமும் குறைவு. ஒருவரின் தீர்ப்புக்கு மதிப்பு கொடுப்பதே அங்கீகாரம். இங்கே பரோலுக்கோ முன்விடுதலைக்கோ கோப்பு போகும்போது பிளாக் காவலரின் கருத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கினாலே நிலைமை மாறத் தொடங்கும். மாதிரிச் சிறைக் கையேடு ஆறு சிறைவாசிக்கு ஒரு காவலர் என்கிறது. நடைமுறையில் பிளாக்கில் ஒருவர் நூறு பேரைப் பார்க்கிறார். நூறு பேருக்கும் நேரடிப் பொறுப்பு என்று ஆணையிட்டால் நூறு படிவம் நிரம்பும், ஒருவரிடமும் பேச்சு நடக்காது. முதலில் பெண்கள் தனிச் சிறை ஒன்று, திறந்தவெளிச் சிறை ஒன்று, மத்திய சிறையில் தண்டனைச் சிறைவாசிகளின் ஒரு பிளாக். காவலருக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். விசாரணைப் பிளாக்கில் ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் அங்கே இப்போது தொடங்குவது வீண்.

இதில் உள்ள ஆபத்து, பொறுப்பும் பேரமும் நெருங்கிவிடுவது. ‘உன் பரோல் என் கையில்’ என்று ஒரு காவலர் சொல்ல இடம் வந்துவிடும். கருத்தை எழுதுவது அவர், முடிவு வேறொருவர், எழுதியதைச் சிறைவாசி படித்துக் கையெழுத்திட வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம் என்று வைத்தால்தான் இது பிழைக்கும்.

எதை முதலில்

முதல் ஆறு மாதம் டூட்டி இடத் தணிக்கையும் வீட்டு டூட்டி ஒழிப்பும். ஆள் களைத்துக் கிடக்கும்போது மற்ற நான்கும் ஒட்டாது. அதே காலத்தில் செலவில்லாத பதக்க விதித் திருத்தத்துக்குக் கோப்பு நகரட்டும். வார ஓய்வு கேட் பதிவேட்டில் உண்மையாகவே தெரிய ஆரம்பித்த பிறகு திறந்த பரிந்துரை வெகுமதியைத் தொடங்கலாம். அதற்கு முன்னால் தொடங்கினால் காவலர்களே அதைக் கண்துடைப்பு என்பார்கள், அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். இரண்டாம் ஆண்டில் மூன்று இடங்களில் நேரடிப் பொறுப்பும் அதைப் பார்ப்பவருக்குத் திறன்படியும். பதவி உயர்வு விதித் திருத்தத்தை இவற்றுக்காகக் காத்திருக்க வைக்காமல், தனியாக, காவல் துறைக்கு இணையான காலமுறை என்ற ஒற்றைக் கோரிக்கையாகக் கொண்டுபோவது நல்லது. அதில் திறன் மதிப்பெண்ணைக் கலந்தால் இரண்டும் வழக்கில் சிக்கும்.

நிதி ஒரே ஒரு வழிக்குத்தான் என்று அரசு சொல்லிவிட்டால் நமது தேர்வு டூட்டி நேரம். அதற்கு நிதியே தேவையில்லை என்று ஆகிவிட்டால், கிடைத்த பணம் திறன்படிக்கு.

ஓராண்டு கழித்துப் பலனைப் பார்க்க மூன்று பதிவேடுகள் போதும். கேட் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஆண்டில் எத்தனை வார ஓய்வு உண்மையில் கிடைத்தது. வெகுமதிப் பதிவேட்டில் பிளாக் டூட்டிக்காரர், பெண்கள் சிறை, கிளைச் சிறை ஆகியோரின் பங்கு எவ்வளவு. மூன்றாவது, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்ட சம்பவங்களின் பதிவேடு. முதல் ஆறு மாதத்தில் இந்த மூன்றாவது எண்ணிக்கை ஏறினால் பதற வேண்டாம். முன்பு எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறார்கள் என்பதற்கே வாய்ப்பு அதிகம். இதைத் திட்டம் தொடங்கும்போதே உள்துறைக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணிக்கை ஏறிய முதல் காலாண்டிலேயே கண்காணிப்பாளருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அவர் அதைக் காவலருக்குத் திருப்பிவிடுவார். மறுவாரம் பதிவேடு பழையபடி ‘எல்லாம் சரி’ என்று சொல்லத் தொடங்கிவிடும்.